தொண்ணூறு விநாடிக் கைகள்

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது புளோரன்ஸ் டீச்சர் பிடித்துக்கொண்டார். காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் இருபது வருஷமாகப் பாடம் எடுப்பவர். செப்டம்பர் 22 அன்று பங்கு மண்டபத்தில் காது கேளாதோர் சங்கத்தின் விழா நடக்கிறது. அங்கே திரையில் போட ஒரு சின்னக் கதை வேண்டுமாம். பேச்சு, பாட்டு ஒன்றும் வேண்டாம், ஓர் உருவம் நின்று கையாலேயே சொல்ல வேண்டும். நான் கம்ப்யூட்டரில் செய்த கூழைக்கடா பறக்கும் வீடியோவை ஜெனோவா அவருக்குக் காட்டியிருக்கிறாள். ஜெனோவா என் தங்கை, வீட்டிலேயே கவுன் தைத்துக் கொடுக்கிறாள். அவளுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது.

சரி என்று சொல்லிவிட்டேன். தொண்ணூறு விநாடி. பதினைந்து வாரம் இருக்கிறது. மூன்று வருஷமாகப் பொழுதுபோக்காகப் படகும் பறவையும் செய்துகொண்டிருக்கிறேன், மனித உருவம் ஒன்றைக்கூட முடித்ததில்லை. முகம் வரும், கை வராது, விட்டுவிடுவேன். இந்த முறை விடுவதாக இல்லை. காலை ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை வேலை, பிறகு துறைமுகத்து ஏஜென்சி ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை முழுதும். எந்த இடத்தில் என்ன எண் போட்டேன் என்பது மறந்துவிடும் என்பதால் இந்த நோட்டு.

ஜூன் 11, செவ்வாய்

கதையை ஜெனோவாவையே சொல்லச் சொன்னேன். அவள் கையை ஃபோனில் படம் எடுத்து, அதைப் பார்த்து உருவத்தை அசைப்பது என்று திட்டம். முதலில் மாட்டேன் என்றாள். பிறகு, "எந்தக் கதை வேண்டுமானாலும் சொல்லலாமா?" என்று கேட்டாள். (அவள் கையால் சொல்வதை மேற்கோள் போட்டு எழுதுகிறேன்.) சொல்லலாம் என்றேன். "ஒன்றையும் மாற்றக் கூடாது" என்றாள். மாற்றமாட்டேன் என்றேன்.

காலை வெளிச்சத்தில் மொட்டை மாடிச் சுவர் முன்னால் நின்று ஒரே தடவை சொன்னாள். இன்னொரு தடவை எடுக்கலாம் என்றதற்குக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. வீட்டுக்குள் நாங்கள் பேச எங்களுக்கென்று சைகைகள் உண்டு. சாப்பாடு, மருந்து, கரண்டு போய்விட்டது, அம்மா கூப்பிடுகிறாள். அதற்கு மேல் உள்ள சைகை மொழியை அவள் பள்ளி விடுதியில் கற்றுக்கொண்டாள். நான் கற்றுக்கொள்ளவில்லை. வேலை இருந்தது. ஒரு பெண், தைப்பது, மழை, விருந்தாளிகள் வருவது. இவ்வளவு தெரிகிறது. படம் செய்வதற்கு இது போதும். விரல் எங்கே போகிறதோ அங்கே கொண்டுபோய் வைப்பதுதானே.

ஜூன் 16, ஞாயிறு

உடம்பு முடிந்தது. ஒரு கனசதுரத்தில் ஆரம்பித்து, இழுத்து, வெட்டி, இடது பாதியைச் செய்தால் வலது பாதி தானாக வந்துவிடும். முகம் சாதாரணமாக இருக்கட்டும். கைகளுக்குத்தான் நேரமெல்லாம். ஒரு கைக்கு மட்டும் மிச்ச உடம்பு முழுவதற்கும் ஆன அளவு சதுரங்கள் ஆகிவிட்டன.

ஜெனோவா வந்து பார்த்தாள். கட்டைவிரல் தப்பு என்றாள். நான் அதை மற்ற விரல்கள் மாதிரியே பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். என் கையைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரல் நகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டினாள். நாற்பத்து நான்கு வயதில் என் கட்டைவிரலை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

எலும்பு வைக்கும் வேலை. உருவத்துக்குள் எலும்புகளை அடுக்கி, எந்த எலும்பு அசைந்தால் எந்தத் தோல் அசைய வேண்டும் என்று வண்ணம் பூசிச் சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் முழுதாக அசையும், நீலம் என்றால் அசையாது. ஒரு கைக்குப் பத்தொன்பது எலும்பு. சுண்டுவிரலை மடக்கினால் மோதிர விரலின் தோலும் கூடவே வருகிறது. முஷ்டியை மூடினால் பிசைந்த மாவு மாதிரி இருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

முஷ்டி இன்னும் மாவுதான்.

ஜூலை 3, புதன்

முஷ்டி வந்துவிட்டது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு வரிசை சதுரம் கூடுதலாக வைத்து, வண்ணத்தை மூன்றாவது தடவை பூசிய பிறகு. ஆபீஸில் நாள் முழுதும் மேஜைக்கு அடியில் கையை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

புளோரன்ஸ் டீச்சர் வீட்டுக்கு வந்தார். முதல் எட்டு விநாடியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விரலெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றும் புரியவில்லை என்றார். முகத்தை நான் அசைக்கவே இல்லை. புருவம் தூக்கினால் கேள்வி, தூக்காவிட்டால் வெறும் சொல். முகம் இல்லாத சைகை அவர்களுக்குப் பாதிச் சைகைதானாம்.

அதோடு, எந்த விரல் முக்கியம், எது சும்மா அசைகிறது என்று அர்த்தம் தெரியாமல் எனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டார். சனிக்கிழமை தோறும் பெற்றோர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறார், என்னையும் வரச் சொன்னார். வருகிறேன் என்றேன். படத்துக்காக.

ஜூலை 20, சனி

இரண்டாவது வகுப்பு. ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களோடு நான் ஒருவன். பக்கத்தில் இருந்த ஒரு தகப்பன், உங்கள் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டார். தங்கை, முப்பத்தெட்டு என்றேன்.

வீட்டுக்கு வந்து ஜெனோவாவிடம், "இன்றைக்கு நீ என்ன தைத்தாய்?" என்று முழு வாக்கியமாகக் கேட்டேன். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு என் நடுவிரலைச் சரிசெய்துவிட்டு, "புதுநன்மை வாங்கும் சிறுமிகளுக்குக் கவுன், ஆறு" என்று பதில் சொன்னாள்.

ஜூலை 28, ஞாயிறு

ஜெனோவா ஒரு செய்தியைக் காட்டினாள். மதுரையில் திருமண உடைகள் தைக்கும் ஒரு கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள். அவளோடு பள்ளியில் படித்த ரெஜினா அங்கேதான் வேலை செய்கிறாள், அவளுக்கும் காது கேட்காது. ரெஜினாவின் அறையில் சேர்ந்து தங்கிக்கொள்ளலாமாம்.

படம் முடியட்டும், பிறகு பேசலாம் என்றேன். அவள் ஃபோனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். புதிய ஊர். பின்னால் லாரி வந்தால் தெரியாது. கதவைத் தட்டினால் தெரியாது. அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பத்து வருஷம் படுக்கையில் இருந்த அம்மாவை இவள்தான் தூக்கி, குளிப்பாட்டி, பார்த்துக்கொண்டாள். இப்போதுதான் கொஞ்சம் ஓய்வாக இருக்கிறாள். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

இருபத்தாறு விநாடி முடிந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

துணி. உருவத்துக்கு வெள்ளைக் கவுன், நீளமான அகலக் கை வைத்து. கை அசையும்போது துணி அலையாக வர வேண்டும் என்று ஆசை. இதைக் கையால் வரைய வேண்டாம், துணியின் கனம், விறைப்பு எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் எப்படி விழும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் காட்டும். சிமுலேஷன் என்பது அதுதான்.

முதல் தடவை கவுன் உடம்புக்குள் நுழைந்து தரையில் போய் விழுந்தது. இரண்டாவது தடவை வெடித்துத் திரை முழுக்கச் சிதறியது. மூன்றாவது தடவை நின்றது, ஆனால் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல மெதுவாக அலைந்தது. ஜெனோவா எட்டிப் பார்த்து, "ரப்பர்" என்றாள். அளவைப் பார்த்தால் என் உருவம் பதினாறு மீட்டர் உயரம். புள்ளியை ஓர் இடம் தள்ளிப் போட்டிருக்கிறேன். ஐந்து மாடி உயரப் பெண் கவுன் போட்டால் அப்படித்தான் அலையும்.

பிறகு அவள் போய் சாட்டின், பருத்தி, லைனிங் துணி, அடியில் வைக்கும் கேன்கேன் வலை எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து வந்தாள். சொம்பைக் கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றையும் மேலே போட்டுக் காட்டினாள். சாட்டின் வழிந்து இறங்கியது, வலை கூடாரம் மாதிரி நின்றது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அதே மாதிரி விழும் வரை எண்களை மாற்றினேன். உடம்பின் மேல் ஒரே தோலாக உருட்டிய கவுனையும் அழிக்கச் சொல்லிவிட்டாள். முன்பக்கம், பின்பக்கம், கை என்று தனித்தனியாக வெட்டி, ஓரங்களைச் சேர்த்துத் தைக்க வேண்டும். அந்த வசதி மென்பொருளிலேயே இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. இருவரும் நிறையச் சிரித்தோம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஐம்பத்தொன்றாவது விநாடி வரை வந்தேன். இப்போது படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் சொல் சொல்லாகப் புரிகிறது. மழை நாள். ஒரு பெண் வெள்ளைக் கவுன் தைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு மூன்று பேர் வருகிறார்கள். வயதான அப்பா, அம்மா, மகன். மகனும் கையால் பேசுகிறவன்.

சீக்கிரம் நிறுத்திவிட்டேன். தலைவலி.

ஆகஸ்ட் 12, திங்கள்

வேலை செய்யவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மின்விசிறி துடைத்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. ஜெனோவா கடைக்குப் போயிருக்கிறாள். எழுதிவிடுகிறேன்.

ஐம்பத்தொன்றிலிருந்து எழுபது வரை. கதையில் எல்லோராகவும் அவள் ஒருத்தியே நடிக்கிறாள். வலது பக்கம் திரும்பினால் அந்தப் பெண், இடது பக்கம் திரும்பினால் விருந்தாளிகள், நேரே நின்றால் நடுவில் நிற்கும் ஒருவன். விருந்தாளிகள் கேட்கிறார்கள். பெண் சம்மதம் என்கிறாள். நடுவில் நிற்பவன் அந்தச் சொல்லை அவள் கையிலிருந்து எடுத்து முஷ்டிக்குள் மூடிக்கொள்கிறான். இரண்டு அடி நடக்கிறான். விருந்தாளிகள் முன்னால் முஷ்டியைத் திறக்கிறான். உள்ளே இருப்பது வேறு சொல். வேண்டாம். பிறகு அவர்களிடமிருந்து ஒரு சொல்லை வாங்கி மூடிக்கொண்டு வந்து பெண்ணிடம் திறக்கிறான். அதுவும் வேண்டாம்.

திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு விரலால் மூக்குக்கு மேல் எதையோ தள்ளுகிறாள். வியர்வையைத் துடைக்கிறாள் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெனோவா கண்ணாடி போடுவதில்லை. கண்ணாடியை அப்படித் தள்ளிவிட்டுக்கொள்வது நான்.

2013 நவம்பரில் லியோன் வீட்டார் வந்தார்கள். லியோனுக்கும் காது கேட்காது, சங்கத்துக் கூட்டங்களில் இவளைப் பார்த்திருக்கிறான். அவன் அப்பா அம்மாவுக்குச் சைகை அவ்வளவாகத் தெரியாது. லியோனும் அவர்களும் முன்னறையில் இருக்க, உள்ளறையில் இருந்த இவளிடம் என்னைத்தான் போய்க் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். அவள் சரி என்றாள், அது எங்கள் வீட்டுச் சைகையிலேயே உண்டு, எனக்கு நன்றாகப் புரிந்தது. தங்கைக்கு இஷ்டமில்லை என்று அவர்களிடம் சொன்னேன். அவர்களுக்குப் பிடிக்கவில்லையாம் என்று இவளிடம் சொன்னேன். அவர்கள் டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள்.

அம்மா விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும். காது கேட்காத இரண்டு பேர் தனியாக ஒரு வீட்டில் எப்படி இருக்க முடியும் என்றும் பயம். நானும்தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இதை அவள் அறியமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வேலை நிற்கவில்லை. எழுபது வரை கைகளை வைத்துவிட்டுத் துணியை ஓட விட்டேன். ஒரு பிரச்சினை. அறுபத்து மூன்றாவது விநாடியில் முஷ்டி திறக்கும் இடத்தில் கவுனின் அகலக் கை சரிந்து விரல்களை மூடிவிடுகிறது. திறந்த கையில் என்ன சொல் என்று தெரியவில்லை. நான் செய்யவில்லை, துணி தானாக அப்படி விழுகிறது.

அப்படியே ஓட்டிப் பார்த்தால் அழகான கதை. மழை பெய்கிறது, விருந்தாளிகள் வருகிறார்கள், போகிறார்கள், பெண் கவுனைத் தைத்து முடிக்கிறாள்.

ஆகஸ்ட் 24, சனி

புளோரன்ஸ் டீச்சருக்குக் காட்டினேன். மிகவும் பிடித்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லையே என்றார். துணிக் கோளாறு, சரிசெய்யக் கஷ்டம் என்றேன். கஷ்டம் என்றால் விட்டுவிடுங்கள், பார்க்க நன்றாக இருக்கிறது, யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஜெனோவா வந்து பின்னால் நின்றாள். ஓட்டிக் காட்டினேன். அறுபத்து மூன்றில் அவள் விரலை நீட்டித் திரையில் அந்த இடத்தில் வைத்தாள். துணி அப்படித்தான் விழுகிறது என்றேன்.

"அகலக் கை வைத்தது யார்?" என்றாள்.

நான் வீடியோவை நிறுத்தினேன்.

"முழங்கை வரை வெட்டு" என்றாள். துணியைப் பற்றித் தையல்காரி சொல்கிற மாதிரிதான் சொன்னாள், முகத்தில் கோபம் இல்லை. நான் நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"இரண்டு வருஷம். லியோன் வீடியோவில் பேசினான். ஏன் வேண்டாம் என்று சொன்னாய் என்று கேட்டான். அப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது."

"என்னிடம் ஏன் கேட்கவில்லை?"

"அம்மா இருந்தாள். அம்மா போன பிறகு, நீயே சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

மன்னித்துக்கொள் என்பதற்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொன்னேன். தலையை ஆட்டினாள், சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. பிறகு துணிக் கடைக்குப் போக வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாலையில் கவுனின் இரண்டு கைகளையும் முழங்கை வரை வெட்டினேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கவுனின் கையை வெட்டியதும் இதுவரை துணி மறைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. முழங்கையை மடக்கினால் குழாயை மடித்தது போல நசுங்குகிறது. மணிக்கட்டைத் திருப்பினால் முன்கை முறுக்கிக்கொள்கிறது. முன்கைக்கு இன்னும் இரண்டு எலும்பு, புது வண்ணம். எழுபது விநாடிக்கும் திரும்ப ஒரு முறை. இருபத்து நான்கு நாள் இருக்கிறது. காலை நான்கரைக்கு எழுந்தால் நேரம் போதும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

முழங்கை சரி. இருபது விநாடி சரிபார்த்தாயிற்று.

செப்டம்பர் 8, ஞாயிறு

துணிக் கணக்கு முழுவதையும் ஓட விட்டேன். பதினோரு மணி நேரம் ஆகும். ஒன்பதாவது மணியில் கரண்டு போனது. சேமித்து வைக்கும் இடத்தை நான் குறிப்பிடவில்லை, எல்லாம் போயிற்று. மறுபடி போட்டேன், இந்த முறை பத்துப் பத்து விநாடியாக.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்றைக்கு முஷ்டி மட்டும். மூடுவது, நடப்பது, கண்ணாடியைத் தள்ளுவது, திறப்பது. ஜெனோவாவின் வீடியோவில் அவள் கை மெலிந்தது, மூடும்போது சட்டென்று மூடிவிடுகிறது. இந்த இடத்தில் அது என் கை. எனவே அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று நானே செய்து பார்த்துப் படம் எடுத்தேன். கட்டைவிரல் கடைசியில் உள்ளே போகிறது. நான்காவது தடவை எடுக்கும்போது அழுதுவிட்டேன். ஃபோன் அதையும் எடுத்திருக்கிறது, ஆனால் விரல் அந்தத் தடவைதான் சரியாக வந்தது, அதையே வைத்துக்கொண்டேன்.

திறக்கும் கையில் வேண்டாம் என்ற சொல் தெளிவாகத் தெரிகிறது. பின் வரிசையில் இருப்பவனுக்கும் தெரியும்.

செப்டம்பர் 20, வெள்ளி

தொண்ணூறு விநாடியும் முடிந்தது. ஜெனோவா மூன்று தடவை பார்த்தாள். இரண்டு திருத்தம். கவுனின் பின் பட்டன் ஆண்கள் சட்டை மாதிரி எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்று, சம்மதம் சொல்லும் இடத்தில் பெண்ணின் முகம்.

"நான் இதைவிடச் சந்தோஷமாக இருந்தேன்" என்றாள்.

புருவத்தையும் கன்னத்தையும் மாற்றினேன். இன்னும் கொஞ்சம் என்றாள். மாற்றினேன். இன்னும் என்றாள். ஆறாவது தடவை போதும் என்றாள். அந்த முகத்தை நான் அன்றைக்கு நேரில் பார்த்திருக்கிறேன். மறந்திருந்தேன் என்று எழுதினால் அது பொய்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். அவ்வளவு பேர் இருந்தும் நாற்காலி இழுபடும் சத்தம்தான், பேச்சு எல்லாம் கைகளில். எனக்கு நிறையவே புரிந்தது. முன் வரிசையில் ஒருவர் சங்கத்துச் செயலாளரின் வழுக்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

படம் ஓடும்போது நான் திரையைப் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களைப் பார்த்தேன். சம்மதம் வந்தபோது சிரித்தார்கள். முஷ்டி திறந்தபோது சிரிப்பு நின்றது. இரண்டாவது தடவை திறந்தபோது ஒரு கிழவர் எழுந்து நின்று, கை திறந்த அதே சைகையைப் பக்கத்தில் இருந்தவருக்குத் திரும்பச் செய்து காட்டினார். முடிந்ததும் எல்லோரும் கையை உயர்த்தி ஆட்டினார்கள். அதுதான் கைதட்டல்.

லியோன் நான்காவது வரிசையில் இருந்தான். முடி நரைத்திருக்கிறது. பக்கத்தில் மனைவி, ஒரு மகள். அவன் கையை உயர்த்தவில்லை. யார் அந்த நடுவில் நிற்பவன் என்று அவனுக்கும் எனக்கும் ஜெனோவாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியே வெளியே போய்விட்டிருக்கலாம். அவன் முன்னால் போய் நின்றேன். அவசரமாகச் சொன்னதால் முதலில் அவனுக்குப் புரியவில்லை, இரண்டாவது தடவை மெதுவாகச் சொன்னேன். "அவள் சரி என்றாள். நான் பொய் சொன்னேன். உங்களிடமும், அவளிடமும்."

அவன் சொன்னான்: "எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. நாம் போய்க் கேட்டது தப்போ என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்."

அவன் கையும் நீட்டவில்லை, திரும்பியும் போகவில்லை. மனைவியைக் காட்டி அவள் பெயரைச் சொன்னான், மகளைக் காட்டி அவள் பெயரைச் சொன்னான். இரண்டையும் நான் திரும்பச் சொன்னேன். மகளுடைய பெயரைத் தப்பாகச் சொன்னேன், அந்தப் பெண்ணே திருத்தினாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி வழியில் தெருவிளக்குக்கு அடியில் ஜெனோவா நின்று, அடுத்த திங்கட்கிழமை மதுரையில் நேர்முகம், கூடத்து முதலாளிக்குச் சைகை தெரியாது, யாரையாவது அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். புளோரன்ஸ் டீச்சரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"நீ வா" என்றாள்.

செப்டம்பர் 30, திங்கள், மதுரை

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

கூடத்தின் முதலாளி கோமதி என்று ஒரு அம்மாள், ஐம்பது வயது இருக்கும். ஜெனோவா கொண்டுபோன இரண்டு கவுன்களைப் புரட்டிப் பார்த்தார், தையல் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் கேள்வியெல்லாம் என் முகத்தைப் பார்த்தே கேட்டார். தனியாக இருந்துகொள்வாளா, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு. என் நாக்கில் பதில் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, கேள்வியை ஜெனோவாவிடம் சொன்னேன். அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன்.

"என் வேலைக்கு நான் பொறுப்பு. என் இருப்பிடத்துக்கும் நான் பொறுப்பு. ரெஜினா ஆறு வருஷமாக இங்கே இருக்கிறாள், அவளைக் கேட்டுப் பாருங்கள்."

அந்த அம்மாள் அதற்கும் என்னைத்தான் பார்த்தார். "அது சரிங்க. அண்ணனா நீங்க என்ன நினைக்கிறீங்க?"

எனக்குக் கேட்ட கேள்விதான். இருந்தாலும் அதையும் ஜெனோவாவுக்குச் சைகையில் சொன்னேன். அவள் நிதானமாக, நான் ஒரு விரலையும் தவறவிடாதபடி சொன்னாள்.

அவள் சொன்னதை நான் வாய்விட்டுச் சொன்னேன்: "அவருக்கு இஷ்டமில்லை. பயப்படுகிறார். முன்னால் ஒரு தடவை எனக்காகப் பேச வந்து பொய் சொன்னவர். இன்றைக்குச் சரியாகச் சொல்கிறார்."

முழுதும் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி ஜெனோவாவுக்கு நேராகப் போட்டுக்கொண்டு, ஒரு தாளை எடுத்து அதில் எழுதிக் காட்டினார். எப்போது வர முடியும் என்று கேட்டிருந்தார். ஜெனோவா பேனாவை வாங்கி, வெள்ளிக்கிழமை என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர்கள் தாளிலும் துணியிலும் பேசிக்கொண்டார்கள். நான் வாசலில் நின்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

வெள்ளிக்கிழமை போய்விட்டாள். தையல் மெஷினை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அங்கே நல்லது இருக்கிறதாம்.

இன்று காலை வீடியோவில் கூப்பிட்டாள். அறையைக் காட்டினாள், ரெஜினாவைக் காட்டினாள். பிறகு ஏதோ வேகமாகச் சொல்லிச் சிரித்தாள். எனக்குப் புரியவில்லை. புரியாதபோது தலையை ஆட்டிவிடுவதுதான் என் முப்பது வருஷத்துப் பழக்கம். இன்றைக்குத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். இன்னொரு தடவை என்றேன். மூன்றாவது தடவை மெதுவாகச் சொன்னாள்.

பக்கத்து அறைக்காரப் பெண் நேற்று ஒரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். உங்கள் இருவரில் ஒருவர் பயங்கரமாகக் குறட்டை விடுகிறார் என்று. யார் என்று இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ரெஜினா இவளைச் சொல்கிறாள், இவள் ரெஜினாவைச் சொல்கிறாள்.

"நானா?" என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டாள்.

"நீதான்" என்றேன்.

அவள் ஃபோனை ரெஜினா பக்கம் திருப்பினாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.